டொறீன் அம்மா வரியை மறந்த பின்னேரம்

தம்பி,

சுகம் கேட்டு எழுதும் இரண்டு வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நான் சுகம் என்பது என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதம் நீளும், நடுவில் எனக்குத் துணிவு போனாலும் போய்விடும். உன் கலியாணத்துக்கு நீ ஓம் என்று சொன்னதாக உடுவிலில் பெண் வீட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டேன், அது பொய். நீ ஓம் என்று சொல்லவில்லை. உனக்காக நான் சொன்னேன். அதை எனக்கு உணர்த்தியது கோயிலும் அல்ல, சொந்தக்காரரும் அல்ல. கொழும்பில் ஒரு சேர்ச் மண்டபத்தில் பாடிய எழுபத்தாறு வயது பறங்கி அம்மா ஒருவர். அவர் பெயர் டொறீன். அவரைப் பற்றி உனக்கு முழுவதும் சொல்லவேண்டும்.

சண்டை நின்றிருந்த அந்தக் கிழமைகளில் ஊரில் போன் இல்லாததால் உன்னோடு கதைப்பதற்கென்றே நான் மானிப்பாயிலிருந்து புறப்பட்டேன். கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் ஆமிக்காரர் தரும் பாஸுக்குக் காத்து, ரயிலில் இருந்து கால் இரண்டும் வீங்கி, மூன்றாம் நாள் வெள்ளவத்தையில் கிறேஸ் அக்கா வீட்டில் போய் விழுந்தேன். உனக்கு அவரை நினைவிருக்கும். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர், பியானோ வாசிப்பவர், பென்சன் எடுத்ததும் மகளோடு கொழும்புக்குப் போனவர். அடுத்த நாள் காலை அவர்தான் என்னை வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கொமியூனிகேசன் கடைக்குக் கூட்டிப்போய் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டார். நீ எடுத்தாய். வந்த வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். பிள்ளையின் பெயர் சுகந்தி, உடுவிலில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள், சாதகம் நல்லாய்ப் பொருந்தியிருக்கிறது, தாய் தங்கம் எனக்கு நெடுநாள் பழக்கம். எல்லாம் சொல்லி முடித்து, "என்ன தம்பி சொல்லுறாய்?" என்று கேட்டேன். நீ "அம்மா..." என்றாய். அதோடு நின்றுவிட்டாய். உன் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே ஆறேழு பேர் தங்கள் பிள்ளைகளின் குரலுக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு கிழவர் தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். என்னால் அந்தச் சத்தமில்லாத இடத்தைத் தாங்க முடியவில்லை. "அப்ப ஓம் எண்டு சொல்லிவிடுறன், என்ன?" என்றேன். நீ "ம்" என்றாய். லைன் அறுந்தது.

அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே ஊருக்குத் திரும்பும் ஒருவரைப் பிடித்து, "மகன் ஓம் எண்டிட்டான், நான் வந்து பொன்னுருக்க நாள் பார்க்கிறன்" என்று தங்கத்துக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். தாலிக்குப் பொன் உருக்க நாள் பார்க்கிறோம் என்று ஒரு வீட்டுக்குச் சொல்லியனுப்பினால் எங்கள் சனத்திடம் அதன் பொருள் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன்பிறகு பின்வாங்கினால் பேச்சு விழுவது பெட்டையின் தலையில்தான். இவ்வளவையும் செய்துவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்று அன்று பின்னேரம் கிறேஸ் அக்காவின் குசினியில் நிம்மதியாக இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"நாளைக்குப் பின்னேரம் ஒரு கச்சேரி இருக்கு, வாறியோ?" என்றார் அக்கா.

"ஆர் பாடுறது?"

"டொறீன் எண்டு ஒரு பறங்கி மனிசி. நான் ரீச்சருக்குப் படிக்கேக்கை கொழும்பு ஹொட்டல் எல்லாத்திலையும் அவாவின்ரை பாட்டுத்தான். இப்ப அவுஸ்திரேலியாவிலை. தங்கச்சியைப் பார்க்க வந்த இடத்திலை எங்கடை சேர்ச் ஹோலிலை ஒருநாள் பாடுறா. ஜாஸ்."

"ஜாஸ் எண்டால் என்ன அக்கா?"

"சொன்னால் விளங்காது, வந்து கேள்."

"நாளைக்கு வெள்ளி. நான் விரதம்."

"பாட்டைத் தின்னவோ கூப்பிடுறன்? உனக்குக் காதும் விரதமோ?"

சிரித்துவிட்டேன், போகச் சம்மதித்தும் விட்டேன். போகும்போதும் எனக்கு முழு மனமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போடும்போது எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் எனக்கு வந்த இங்கிலீசு. பாட்டென்றால் எனக்குக் கோயிலில் படிக்கிற பதிகம். அதையும் ஒருவர் இருத்திச் சொல்லித்தரவில்லை. ஓதுவார் படிக்கக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினேன். அதனால்தானோ என்னவோ, ஓர் எழுத்துப் பிசகினாலும் எனக்குப் பொறுக்காது. மண்டப வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தேன். அங்கே கிடந்தது என் செருப்பு ஒன்றுதான். "எடி, போட்டுக்கொண்டு வா, ஆரும் கொண்டு போயிடுவினம்" என்று அக்கா காதுக்குள் சொன்னார். பாட்டு நடக்கும் இடத்துக்குள் செருப்போடு போக எனக்குக் கால் வரவில்லை. வெறுங்காலோடு போய் நான்காம் வரிசைக் கதிரையில் இருந்தேன்.

முதலில் வந்தவர் பியானோக்காரர். மெலிந்த கிழவர், சிங்களவர், வெள்ளைச் சேட்டின் கையை முழுவதும் இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். பின்னால் பெரிய பிடில் போல ஒன்றை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒருவர். பிறகு ஒரு கைத்தடி வந்தது, அதன் பின்னால் டொறீன் அம்மா வந்தார். நீலப்பூப் போட்ட சாதாரணக் கவுன், காலில் தட்டைச் சப்பாத்து, தலைமயிர் பஞ்சுபோல. உயரமான முக்காலியில் ஏறுவதற்கு அவருக்கு நேரம் எடுத்தது. ஒருவரும் உதவிக்கு ஓடவில்லை. ஏறி இருந்து, தடியைப் பியானோவில் சாத்திவிட்டு, "இதுதான் இன்றைக்குக் கஷ்டமான வேலை, இனி எல்லாம் சுகம்" என்று இங்கிலீசில் சொல்ல, சனம் சிரித்தது. அக்கா எனக்குச் சொல்லத்தான் நான் சிரித்தேன், ஒரு மூச்சு பிந்தி.

தம்பி, அவருடைய குரலை உனக்கு எப்படிச் சொல்வேன்? இனிமையான குரல் என்று சொன்னால் அது சரியில்லை. மேலே போகவேண்டிய இடத்தில் அது போகாது, அவரும் அதைப் போகச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. கீழே ஓர் இடத்தில் கரகரவென்று உரசும். அந்த உரசலை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. அதன்மேல்தான் சொல்லைக் கொண்டுபோய் இருத்தினார். நான் பழக்கத்தில் மடியில் கையால் தாளம் போடத் தொடங்கினேன். தாளம் விழும் இடத்தில் அவர் இல்லை. பிந்திவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து, தேருக்குப் பின்னால் ஆறுதலாக நடந்து வருகிறவர்போல வந்து சேர்ந்தார். அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாம் முறைதான் எனக்கு விளங்கியது, அவர் பிந்தவில்லை, தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறார். நான் தாளம் போடுவதை விட்டுவிட்டுக் கையைச் சும்மா வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என் கை சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

சொற்கள் எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காதது ஒரு குறையாகவும் இருக்கவில்லை. ஒரு பாட்டில் பிரிந்துபோன ஒருவரைத் திட்டுகிறார் என்று அக்கா சொன்னார். எனக்கோ திட்டிக்கொண்டே அவருக்குச் சோறு போடுவதுபோலக் கேட்டது. அப்படிச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அதுதானடி ஜாஸ்" என்றார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. நாங்கள் கோயிலில் பதிகத்துக்குக் கை தட்டுவோமா? நான் கைகூப்பினேன். இரண்டாம் பாட்டுக்குப் பிறகு டொறீன் அம்மா அதைக் கண்டு, மைக்கை மடியில் வைத்துவிட்டு, எனக்குத் திருப்பிக் கைகூப்பினார். எனக்கு முகம் சுட்டது. அந்த வயதில், அவ்வளவு பேர் பார்த்திருக்கும் ஒருவருக்கு, கூட்டத்துக்குள் வெறுங்காலோடு இருந்த ஒருத்தியைக் காணவும் மரியாதை செய்யவும் தோன்றியதே!

நாலாம் பாட்டில்தான் அது நடந்தது. ரயில் ஸ்டேசனில் ஒருவருக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு அது. இரண்டு அடி பாடினார், மூன்றாவதை எடுக்க வாய் திறந்தார், சொல் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. மண்டபம் முழுவதும் ஒருமுறை அசைந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா அந்த வரியை உரக்கச் சொல்லிக்கொடுக்க எழும்பினார். எனக்குப் பாட்டே தெரியாது, ஆனாலும் நானும் கதிரையில் பாதி எழும்பிவிட்டேன் என்பதை அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தபோதுதான் உணர்ந்தேன். அப்போது அந்தப் பியானோக்காரர் திரும்பிப் பார்க்காமலே இடது கையைத் தூக்கி, ஒரு விரலை மட்டும் காட்டினார். பொறு என்று. முன்வரிசை அம்மா இருந்துவிட்டார். பியானோக்காரர் வலது கையால் அந்த ஒரே இடத்தை மெதுவாகத் திருப்பித் திருப்பி வாசித்தார். டொறீன் அம்மா கண்ணை மூடிச் சிரித்தார். சொல்லில்லாமல் ஒரு முனகல் எடுத்தார். அது மெல்ல மெல்லப் பெருகியது, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எதையோ தேடித் திரிவதுபோல மேலேயும் கீழேயும் போய் வந்தது. தேடுவதே வடிவான பாட்டாகிவிட்டது. பிறகு சொல் கிடைத்துவிட்டது, அவர் முகத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் உடனே பாடவில்லை. வாய்க்குள் வைத்திருந்து, ஆறுதலாக, தன் இடம் வந்ததும்தான் அதை இறக்கினார். மண்டபம் எழும்பி நின்றது. நான் எழும்பவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

ஏனென்று உனக்குத் தெரியும். உனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் உபயத் திருவிழா. பூசை முடிந்து ஐயர் உன்னைப் பார்த்துப் "படியும் தம்பி" என்று சொன்னார். நான் இரண்டு மாதமாக உனக்குப் பாடமாக்கின பதிகம். வெள்ளை வேட்டி உடுத்து, நெஞ்சில் கை கட்டி, மணியான குரலில் தொடங்கினாய். மூன்றாம் அடியில் நின்றுவிட்டாய். சாமிக்கு முன்னால் பதிகம் அறுந்து நிற்கக்கூடாது, யார் விட்டாலும் இன்னொருவர் எடுத்து முடிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உண்மை அது அல்ல. என் பிள்ளை மறந்துவிட்டான் என்று நாலு பேர் பார்ப்பதற்கு முன் அந்த இடத்தை மூடிவிட நினைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து உரத்த குரலில் எடுத்தேன், கடைசி வரை படித்து முடித்தேன். "தாய் என்ன வடிவாய்ப் படிக்கிறா!" என்று சனம் சொன்னது. நான் குளிர்ந்துபோனேன், தம்பி. அதையும் எழுதத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது நீ சொன்னாய், "எனக்கு வந்துகொண்டுதான் இருந்ததம்மா." நான் கேட்டேன், "வந்தால் பின்னை ஏன் நிண்டனீ?" அதன்பிறகு நீ ஒருநாளும் கோயிலில் வாய் திறந்து படிக்கவில்லை.

கதிரையில் இருந்து அழும்போது ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தது. டொக்டர் உன்னைப் பார்த்து "எங்கை நோகுது?" என்று கேட்பார், நான் "வயிறு" என்பேன். ஒருமுறை உனக்கு நொந்தது காது. வயிற்று மருந்தை மூன்று நாள் முகத்தைச் சுழித்துக் குடித்துவிட்டுத்தான் சொன்னாய். சிரிப்பு வருகிறது, ஆனால் முழுவதும் சிரிப்பல்ல. உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் "தம்பிக்குப் போக விருப்பமோ?" என்று உன்னைத்தான் கேட்டான். "அவனுக்கு விருப்பந்தான்" என்று நான் சொன்னேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், நாளைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த ஒருநாள் அவசரத்தை உன் கலியாணத்திலும் காட்டிவிட்டேன்.

கச்சேரி முடிந்ததும் அக்கா என்னைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார். டொறீன் அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை ஒரு கதிரையில் நீட்டியிருந்தார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பறங்கி என்பதால் அவருக்குத் தமிழ் தெரியும், மீன்காரரோடும் மரக்கறிக்காரரோடும் பழகின கொழும்புத் தமிழ்.

"நீங்க யாழ்ப்பாணமா? பனங்கட்டி கொண்டு வந்தீங்களா?"

"அக்கா வீட்டிலை இருக்கு. நாளைக்கே அனுப்பிவிடுறன்" என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியாமல், "மறந்து நிண்டபோது உங்களுக்கு வெட்கமா இருக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என் முழங்கையில் இடித்தார்.

"வெட்கம்தான். ஓடிப்போகலாம்னு பார்த்தேன், முழங்கால் விடலை" என்றார். "போன மாசம் ஒரு பாட்டையே மறந்தேன். இன்னைக்கு ஒரு வரிதானே? நல்ல நாள்."

எனக்குக் கேக் நீட்டினார்கள். விரதம் என்றேன். "அப்போ உங்க பங்கையும் நான் சாப்பிடுறேன். டொறீன் உதவி செஞ்சான்னு உங்க சாமிகிட்ட சொல்லிடுங்க" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டார். பியானோக்காரர் மூலையில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவரும் டொறீன் அம்மாவும் ஒன்றாக மேடை ஏறத் தொடங்கினார்களாம். அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தபோது உங்களுக்குப் பயமில்லையா என்று அக்காவைக் கொண்டு கேட்டேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சேட்டின் கைப்பொத்தானைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். வேர்வையில் தோய்ந்திருந்தது. அவ்வளவு பயத்தோடும் அந்த மனிதர் வரியை எடுத்துக் கொடுக்காமல் இருந்திருக்கிறார். அந்தப் பின்னேரம் நான் கண்ட பாட்டுக்காரர் ஒருவரல்ல, இருவர்.

நீயும் நாளைக்கு ஒருவருக்குத் துணையாக இருப்பாய், ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பாய். விழுகிறவரைப் பிடிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பிடி. ஆனால் ஒருவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் வாய்க்குள் உன் சொல்லை வைக்காதே. பக்கத்தில் நின்று, அந்த இடம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள். எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் கிடைத்தது, உனக்கு முப்பதில் கிடைக்கட்டும்.

ஊருக்கு வந்த மறுநாளே உடுவிலுக்குப் போனேன். தங்கம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன அக்கா, நாள் பார்த்திட்டியளே?"

"இல்லைத் தங்கம். நான் ஒரு பிழை விட்டிட்டன். அவன் ஓம் எண்டு சொல்லேல்லை. நான் சொன்னனான்."

"அப்ப மாட்டன் எண்டவரோ?"

"அதுவும் சொல்லேல்லை."

"பின்னை என்னதான் சொன்னவர்?"

"ம் எண்டவன்."

"ம் எண்டால் ஓம்தானே! என்ரை மனிசன் இருபத்தெட்டு வருசமாய் ம் எண்டுதான் சொல்லுறார்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "நீங்கள் எழுதின துண்டை அயலெல்லாம் காட்டிப்போட்டன். இனி நான் எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது? உங்களுக்கு என்ன, உங்கடை பெடியன் கடல் கடந்து இருக்கிறான். இஞ்சை இருக்கிறது என்ரை பெட்டை." அவள் சொன்னது முழுக்க நியாயம். பிழை என்னுடையது என்று அயலெல்லாம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லியும் வருகிறேன், நாளுக்கு இரண்டு வீடாக.

அப்போது சுகந்தி தேத்தண்ணீரோடு வந்தாள். எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். தட்டை வைக்காமல் நின்றாள். "மாமி, அவரிட்டைத் திருப்பிக் கேக்கப் போறியள். நல்லது. என்னட்டை எப்ப கேப்பியள்?"

"வாயை மூடடி!" என்றாள் தங்கம்.

நான் கதிரையை அவள் பக்கம் திருப்பி, "இப்ப கேக்கிறன் பிள்ளை. உனக்கு விருப்பமோ?" என்றேன். அவள் குனிந்து தட்டை வைத்தாள். தங்கம் மகளுக்காகப் பதில் சொல்ல வாய் எடுத்தாள். நான் தங்கத்தின் முழங்காலில் கையை வைத்தேன். தேத்தண்ணீரில் ஆடை படியும் வரை மூன்று பெண்கள் ஒன்றும் பேசாமல் இருந்தோம். எனக்குச் சட்டைக்குள் வேர்த்தது. கடைசியில் அவள், "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

திரும்பும்போது படலை வரை என்னோடு வந்தாள். "மாமி, நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமோ? விலாசம் தருவியளே?" உன் விலாசம் எனக்குப் பாடம், தம்பி, தெருப்பெயர், கதவு இலக்கம், எல்லாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. "அதை நான் அவனிட்டைக் கேட்டுத்தான் சொல்லவேணும்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கேட்டுவிட்டேன். கொடுக்கலாமா, வேண்டாமா என்று எழுது. இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுபவர் அங்கே இரண்டு மாதம் நிற்பாராம், உன் பதிலை அவரே கொண்டு வருவார். அதற்குள் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. உனக்காக நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன்
அம்மா